கணக்கு சார் தொடாத வடை

எண்ணெய் ஊறிய காகிதத் தட்டில் ஓர் உளுந்து வடை, பக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கும் தேங்காய்ச் சட்னி. கணக்கு சாரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது இந்தத் தட்டுதான். அதற்குப் பின்னால்தான் அவருடைய வழுக்கைத் தலையும் மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியும் வரும். ஆரணியில், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எங்கள் கல்லூரியில், எந்தக் குழு கூடினாலும் கேன்டீனிலிருந்து ஆளுக்கொரு வடையும் டீயும் வரும். கூட்டம் எதற்கு என்று தலைவர் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் தட்டைக் காலி செய்துவிடுவோம். கணிதப் பேராசிரியரான அவர் மட்டும் தொடமாட்டார். விஷயம் மனதில் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் வடையில் கை வைப்பார். வைத்துவிட்டால் கையெழுத்துப் போடப்போகிறார் என்று அர்த்தம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, பார்த்துப் பார்த்து நாங்களே தெரிந்துகொண்டதுதான். கூட்டம் நீளும்போது எல்லோர் கண்ணும் அந்த வடை மேலேயே இருக்கும். "சார், வடைய எடுங்க சார், ஆறிகினு இருக்குது" என்று யாராவது தூண்டுவார்கள். "ஆறட்டும் சார். நான் இன்னும் யோசிச்சிகினு இருக்கேன்" என்பார்.

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த புதிதில்தான் ஒரு கல்லூரி எத்தனை குழுக்களால் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. ராகிங் தடுப்புக்கு ஒரு குழு, நூலகத்துக்கு ஒன்று, கேன்டீனுக்கு ஒன்று, மரம் நட ஒன்று, நட்ட மரம் ஏன் பட்டுப்போனது என்று பார்க்க இன்னொன்று. அமைக்கும் முறையும் சீக்கிரமே பிடிபட்டது. மூத்தவர் தலைவர். அந்தந்தப் பொறுப்பில் இருப்பவர் பதவி வழியாக உறுப்பினர். வேறு துறையிலிருந்து ஒருவர், கட்டாயம் ஒரு பெண். எல்லோரிலும் இளையவர் கூட்டுநர், அதாவது நாற்காலி தேடுவது, வடை சொல்வது, நடந்ததை எழுதி வைப்பது எல்லாம் அவர் தலையில். நான் பெண்ணாகவும் இளையவளாகவும் இருந்ததால் ஒரே ஆளில் இரண்டு இடம் நிரம்பியது. அதில் அன்றைய கல்லூரி முதல்வருக்கு என்மேல் தனிப் பிரியம். உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க அவர் ஒரே அளவுகோல்தான் வைத்திருந்தார், சண்டை போடாத ஆளாக இருக்கவேண்டும். அப்படிப்பட்டவர் கணக்கு சாரை எல்லாக் குழுவிலும் ஏன் போடுகிறார் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவரப் போடலன்னா, ஏன் போடலன்னு விசாரிக்க ஒரு குழு போடச் சொல்வாரும்மா. அது இன்னும் பேஜாரு" என்றார்.

எனக்கும் கணக்கு சாருக்கும் முதல் உரசல் ஒரு பட்டுப்புடவையால் வந்தது. பணி ஓய்வு பெறவிருந்த நூலகர் அம்மாவுக்குப் புடவை எடுக்க ஒரு குழு போட்டார்கள். ஊர் ஆரணி, புடவை விஷயத்தில் கருத்து இல்லாத ஆள் இங்கே கிடையாது. நான் பக்கத்துச் சேவூர் நெசவுக் குடும்பத்துப் பெண், அதனால் நானும் உறுப்பினர். எங்கள் சித்தப்பா வீட்டுத் தறியில் அரக்குச் சிவப்பில் அருமையான புடவை ஒன்று இருந்தது. அதைச் சொன்னேன். கணக்கு சார் வடைத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "உங்க சித்தப்பா புடவ நல்லாத்தாம்மா இருக்கும். ஆனா அதப் பத்திப் பேசறதுன்னா நீங்க மேஜைக்கு அந்தாண்ட உக்காரணும். இந்தாண்ட உக்காந்துகினு பேசக் கூடாது" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்து, இன்னொரு உறுப்பினருக்கு மாமனார் தறி என்பதும் மற்றொருவருக்கு மச்சான் கடை என்பதும் வெளியே வந்தன. ஒவ்வொருவராக எதிர்ப்பக்கம் போய் உட்கார, இந்தப் பக்கம் மிஞ்சியது வந்தவாசிக்காரரான அவர் ஒருவர்தான். பட்டுக்கும் பாலியஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர்! எங்கள் எல்லோரையும் கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் நூலகர் அம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவர் வீட்டில் விசாரித்து, மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்தார். அது சித்தப்பா தறியிலிருந்து வந்ததில்லை. விழாவன்று அது அந்த அம்மாவுக்கு நன்றாகத்தான் இருந்தது, அதுவே எனக்கு இன்னும் எரிச்சல். கொஞ்ச நாள் கணக்கு சாரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அந்தாண்ட, இந்தாண்ட என்பதெல்லாம் வெறும் பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன், ஒரு மாணவியின் விவகாரம் வரும் வரை. இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தவள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. தேர்வு அறையில் அவளிடம் செல்போன் பிடிபட்டது. போன் வைத்திருந்தது மட்டும் குற்றமென்றால் அந்த ஒரு தாள் ரத்து. பார்த்து எழுதினாள் என்றால் அந்தப் பருவத்தின் எல்லாத் தாளும் போய், அடுத்த பருவமும் எழுத முடியாது. ஒரு வருடமும் வேலையும் சேர்ந்து போய்விடும். விசாரணைக் குழுவில் ஐந்து பேர், வழக்கம்போல் நான் கூட்டுநர். தேர்வு ஒருங்கிணைப்பாளர் பதவி வழியாக உறுப்பினர். அவளைப் பிடித்தவரும் அவரேதான். அது எங்களில் யாருக்கும் உறுத்தவில்லை, காலங்காலமாக அப்படித்தான் குழு அமைப்பது வழக்கம். மாணவி எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ஆன் பண்ணவே இல்ல சார், பாக்கெட்ல இருந்தத மறந்துட்டேன். எடுத்து வெளிய வைக்கலாம்னு கையில எடுத்தேன், சார் வந்துட்டாரு" என்றாள். "நான் கண்ணால பாத்தேன், பாத்து எழுதிகினு இருந்தாங்க" என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னதும் தலைவர் தலையாட்டினார். பேசி முடித்த பிறகு அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேஜையில் இருந்த தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், காலையிலிருந்து சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவளை வெளியே அனுப்பினோம். நால்வர் கையெழுத்துக்குத் தயார், கணக்கு சாரின் வடை மட்டும் அப்படியே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், எங்கள் எல்லோருக்கும் வண்டி வாசலில் நின்றது, பஸ் பிடிக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். "வந்தவாசி பஸ் போயிடப் போவுது சார்" என்றார் தலைவர். "போவட்டும். எனக்கு அடுத்த பஸ் வரும். அந்தப் பொண்ணுக்கு அடுத்தது ஒரு வருசம் கழிச்சுத்தான்" என்றவர், ஒருங்கிணைப்பாளர் பக்கம் திரும்பினார். "நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல சார். நீங்க பாத்தவரு. பாத்தவரு அந்தாண்ட உக்காரணும். சாட்சியும் சொல்லி தீர்ப்பும் எழுதினா எப்படி?" ஒருங்கிணைப்பாளருக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப என்ன நம்பலையா?" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கணக்கு சாரின் மாற்றுக் கருத்தைக் குறித்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று தலைவர் சமாதானம் பேசினார். கணக்கு சார் அசையவில்லை. விஷயம் முதல்வரிடம் போனது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, ஒருங்கிணைப்பாளருக்குப் பதிலாக வேறு துறைக்காரர் ஒருவரைப் போட்டுப் புது உத்தரவு பிறப்பித்தார்.

மறுபடி கூடியபோது, ஒருங்கிணைப்பாளர் அந்த மாணவி உட்கார்ந்த அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கணக்கு சார் மெதுவாகத்தான் கேட்டார். "போன் அவங்க கையில இருந்திச்சா சார்?" "இருந்திச்சு." "ஸ்க்ரீன் எரிஞ்சிகினு இருந்திச்சா?" ஒருங்கிணைப்பாளர் தன் உள்ளங்கையைப் போன்போல விரித்துப் பார்த்தார். "அத நான் பாக்கல சார்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, போன கூட்டத்தில் வேண்டுமென்று பொய் சொன்னவரும் இல்லை. எங்களோடு உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னது எங்கள் முடிவோடு கலந்துவிட்டது, யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எதிரே போய் உட்கார்ந்ததும் தன் வார்த்தையைத் தானே ஒருமுறை நிறுத்துப் பார்க்க வேண்டி வந்தது. கணக்கு சார் வடையை எடுத்துக் கடித்தார். ஒரு தாள் மட்டும் ரத்து என்று முடிவானது. வேலைக்குச் சேர வேண்டிய நாளுக்கு முன்பே அந்தத் தாளை அவள் மறுபடி எழுதித் தேறிவிட்டாள். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தில், அரக்குச் சிவப்புப் புடவைக்காக அவரை மன்னித்துவிட்டேன்.

கணக்கு சார் ஓய்வு பெற்று வந்தவாசியோடு இருந்துவிட்டார். இப்போது நான் கல்லூரி முதல்வர். குழுக்களுக்கு ஆள் போடுவது என் வேலை. சண்டை போடாத ஆளைத் தேடும் ஆசை எவ்வளவு சுகமானது என்று இந்த நாற்காலிக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. இந்த ஆண்டு நடுவில் ஒரு தற்காலிக விரிவுரையாளரை வேலையிலிருந்து நிறுத்தினேன். ஒழுங்காக வகுப்புக்கு வரவில்லை என்பது என் பக்கம், என்னை எதிர்த்துப் பேசியதால் பழி தீர்த்துவிட்டேன் என்பது அவர் பக்கம். புகார் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அங்கிருந்து, விசாரணைக் குழுவுக்கு நானே மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கலாம் என்று சொன்னார்கள். "நமக்கு வேண்டியவங்களா பாத்து எழுதிக் குடுத்துடுங்க மேடம், ஜல்தியா முடிஞ்சிடும்" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். பேனாவை எடுத்தும்விட்டேன். பெயர்கள் கூட மனதில் வரிசையாக வந்து நின்றன. அப்புறம், இந்த விஷயத்தில் நான் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டியவள், பெயர் சொல்வது முறையில்லை என்று எழுதி அனுப்பினேன். அவர்களாகவே மூவரைப் போட்டார்கள். அதில் ஒருவர், வந்தவாசியில் இருக்கும் ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர். "நம்ம சார்தானே, இனிமே கவலை இல்ல மேடம்" என்று கண்காணிப்பாளர் சிரித்தார். நான் சிரிக்காமல், வருகைப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னேன்.

போன வாரம் எங்கள் கல்லூரியிலேயே கூடினார்கள். கணக்கு சார் கைத்தடி ஊன்றி வந்தார், "வணக்கம்மா" என்றதோடு சரி. முதலில் புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டு, "நான் இவங்களோட ஒண்ணா வேலை பாத்தவன், நான் உக்கார்றதுல உங்களுக்கு ஆட்சேபண உண்டா?" என்று கேட்டாராம். இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாராம். பிறகு என்னை அழைத்தார்கள். மேஜைக்கு அந்தாண்ட போய் உட்கார்ந்தேன். கேன்டீனிலிருந்து வடை வந்தது, எனக்கு இல்லை. என் நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். வீட்டில் சொல்லிப் பார்த்தபோது உறுதியாக இருந்த வார்த்தைகள் அங்கே தடுமாறின. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு எதிரே இருக்கும் முகங்களைப் பார்க்கத் தைரியம் வராது. தலை தானாகத் தாழ்கிறது. தாழ்ந்தால் கண்ணில் படுவது மேஜையும் தட்டுகளும்தான். அந்தப் பெண் அன்று பசியில் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தட்டுகள் காலியாகியிருந்தன. மூன்றாவதில் வடை முழுதாக ஆறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு மீதியையும் சொல்லி முடித்தேன்.