மனீஷேவின் விருந்தழைப்பு

வெறும் நன்றியோடு பேச்சை முடிக்க மனீஷேவுக்குத் தெரியாது. ஈரானின் ராஷ்த் நகரில் யாருக்குத்தான் தெரியும்? டாக்ஸிக்காரர்கூட, "இருக்கட்டும்மா, உங்களுக்கில்லாததா" என்று மறுத்துவிட்டுத்தான் கூலியை வாங்கிக்கொள்வார்.

மகள் தர்லானுக்கு ஆறு வயது. அவள் காதுக்குள் பொருத்திய கருவி நன்றாகத்தான் இருந்தது. வெளியே மாட்டும் பாகம் நவ்ரூஸ் புத்தாண்டு கழிந்த வாரம் செத்துப்போனது. அதிலிருந்து பிள்ளைக்கு ஒரு சத்தமும் கேட்பதில்லை. புதியது வாங்கத்தான் மனீஷே ஸ்வெட்டர் பின்னல் மாதிரிகளை வரைந்து வெளிநாட்டுப் பெண்களுக்கு விற்றாள். பொருளாதாரத் தடை உள்ள ஈரானுக்கு எந்த வங்கி பணம் அனுப்பும்? கிரிப்டோ என்ற இணையப் பணமாகத்தான் வந்தது. ஈரானியருக்குக் கணக்குத் தராத வெளிநாட்டுக் கிரிப்டோ சந்தை ஒன்றில், இஸ்தான்புல் நாத்தனாரின் முகவரியைக் கொடுத்து, இருக்கும் நாட்டை மறைக்கும் வி.பி.என். போட்டு, கணக்கு வைத்திருந்தாள். ஊரே அப்படித்தான் வைத்திருக்கிறது, இதில் என்ன வெட்கம்?

போதுமான தொகை சேர்ந்த அன்று, அது வெளியே வர மறுத்தது. சந்தையின் உதவிப் பிரிவு இளைஞன் ஒருவன் அரட்டைப் பெட்டியில் பொறுமையாகச் சரிசெய்தான். "இன்னும் ஐந்தே நிமிடம் மேடம், கிளம்பிவிடும்."

மனீஷேவுக்கு மனசு குளிர்ந்துபோனது. விரல் போன போக்கில் எழுதினாள்: "உங்க கைக்கு வலியே வரக்கூடாது தம்பி. ராஷ்த் பக்கம் வந்தா நேரா நம்ம வீட்டுக்குத்தான் வரணும். கத்திரிக்காய் சுட்டு, பூண்டு தட்டிப் போட்டு, மிர்ஸா காஸெமி செஞ்சு வைக்கிறேன். வரலைன்னா கோச்சுக்குவேன்!"

அவன் கேட்டான்: "ராஷ்த் எந்த நாட்டில் இருக்கிறது, மேடம்?"

அப்போதுதான் செய்த தவறு அவளுக்குப் புரிந்தது. ஒரு பொய்யை யோசிப்பதற்குள் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது. தடைக்குட்பட்ட நாட்டில் வசிப்பவர், தொகை முடக்கப்படுகிறது என்று மின்னஞ்சல் வந்தது. கடைசி வரியில், அன்பான அழைப்புக்கு நன்றி.

படுபாவி! ஆனால் அவனைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? எங்கோ உட்கார்ந்து தடை போடுகிறவர்கள் தர்லானைப் பார்த்தார்களா என்ன?

கணவன் பஹ்மன் ரொட்டியோடு உள்ளே வந்து, நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஊர் பேரைச் சொல்லலாமா மனீஷே? வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

"உதவி பண்ணின பிள்ளைய வீட்டுக்கு வான்னு கூப்பிடாம எப்படிங்க விடறது?"

பஹ்மனாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பான்.

மனீஷே வாய்விட்டுக் கதறினாள். இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த தர்லான் திரும்பிப் பார்க்கவே இல்லை.