கொதிநீருக்கு முன் ஒரு சொல்

கடிகோய் மீன்சந்தைக்குப் பின்னால், ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்துகொண்டு நெர்மின் அக்கா சினிமாவுக்குச் சத்தங்கள் செய்கிறார். பெரும்பாலும் பேய்ப்படங்களுக்கு. நாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கும் எலும்பு முறிவு, ஈரத்துணியில் சுற்றிய கேரட். நள்ளிரவுக் கதவின் கிறீச்சொலி, காலொடிந்த ஒரு மர நாற்காலி. அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபது வருடமாக இதே வேலை செய்தும் ஒரு பேய்ப்படத்தைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை.

"சத்தத்தக் கொறச்சுட்டுப் பாரு. மாவு பூசின மூஞ்சிதான் மிச்சம்" என்பார்.

போன மார்ச்சில் ஒக்தாய் என்ற இளம் இயக்குநரின் படம் அவரிடம் வந்தது. கிராமத்து வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணை மூன்றெழுத்துக்காரர்கள் பிடித்து ஆட்டும் கதை. ஜின் என்பது எங்கள் எழுத்தில் மூன்றெழுத்து. அதை வாய்விட்டுச் சொன்னால் வந்துவிடும் என்பதால் எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம்.

வெளியிடும் முன் இருபது பேரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். வெள்ளைக் கண்களோடு முகம் திரையில் பாய்ந்தபோது பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். தயாரிப்பாளர் ருஷ்து நேராக அடித்தளத்துக்கு வந்தார்.

"அக்கா, சத்தம் பத்தல. எல்லாத்தையும் ஏத்துங்க."

"இப்பவே காதப் பொளக்குது. முகத்த முன்னாடியே காட்டிட்டா அப்புறம் எதுக்குப் பயப்படுவாங்க? வீட்டுல வேற யாரோ இருக்காங்கன்னு அவங்களா நெனைக்கணும். அதுக்குக் கொஞ்சம் அமைதி வேணும், ருஷ்து."

"அமைதிக்கு யாருக்கா டிக்கெட் எடுப்பா? வியாழக்கெழம மறுபடி போடுறேன். அப்பவும் சிரிச்சாங்கன்னா அடுத்த மூணு படமும் அங்காராக்காரனுக்குத்தான். அவன் கம்ப்யூட்டர்லயே எல்லாம் பண்ணிடுறான்."

அந்த மூன்று படங்கள் போனால் அக்கா அடித்தளத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். எல்லாவற்றையும் புதிதாகப் பதிந்தார்.

அதில் ஒரு காட்சி. அந்தப் பெண் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கிக் கொதிநீரைத் தொட்டியில் கொட்டுகிறாள். அக்கா இதற்கு நிஜமாகவே தண்ணீரைக் கொதிக்க வைப்பார். ஆறின தண்ணீர் விழும் சத்தம் வேறு என்பது அவர் கணக்கு. ஊற்றும் முன், அம்மா பழக்கியபடி, "தெஸ்தூர்" என்று உதட்டுக்குள் சொன்னார். வழி விடுங்கள் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாதவர்கள் அங்கே இருந்தால் அவர்கள்மேல் பட்டுவிடக் கூடாதே. சொன்னது அவருக்கே நினைவில்லை. ருஷ்து கேட்டபடி எல்லாச் சத்தத்தையும் ஏற்றியபோது அந்தச் சொல்லும் சேர்ந்து ஏறிவிட்டது. இருந்த அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

வியாழன் காலை பதினொரு மணிக்குப் படம் ஓடியது. அக்கா கடைசி வரிசையில் இருந்தார். திரையில் அந்தப் பெண் பாத்திரத்தைத் தூக்கினாள். அவள் வாய் இறுக மூடியிருந்தது. அரங்கம் முழுவதும் வேறொரு பெண் குரல் மெல்லக் கேட்டது.

"தெஸ்தூர்."

பிறகு தண்ணீர் விழுந்தது.

முன்வரிசையில் ஒருவர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு பெண், கெட்டது அண்டாமலிருக்க எங்கள் ஊரில் செய்வதுபோல், காதுமடலை இழுத்து, நாற்காலிக் கையின் மரத்தைத் தட்டினாள். அதற்குப் பிறகு முகம் பாய்ந்தபோது யாருமே சிரிக்கவில்லை. அக்கா மட்டும் நாற்காலியில் குனிந்துகொண்டார். தன் குரல் அவருக்குத் தெரியாதா?

வெளியே வந்ததும் அவராகவே சொல்லிவிட்டார். "தப்பு என்னோடது. பழக்கத்துல வாய்ல வந்துடுச்சு. இன்னைக்கே எடுத்துடுறேன்."

"எடுக்கவா?" என்றார் ஒக்தாய். "அந்த வீட்டுல யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும்க்கா, நாந்தானே எடுத்தேன். எனக்கே முதுகு சிலுத்துப்போச்சு."

ருஷ்துவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இன்னும் நாலு எடத்துல போடுங்க. மாடிப்படியில ஒண்ணு, கட்டிலுக்கு அடியில ஒண்ணு."

"மாட்டேன்."

"ஏன்க்கா? சும்மா ஒரு சொல்லுதானே."

"தண்ணியே ஊத்தாம வழி கேட்டா, எதுக்கு எங்கள எழுப்புனன்னு அவங்க வந்து நிப்பாங்க. நீ பதில் சொல்றியா?"

ருஷ்து சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் காதுமடலை இழுத்துக்கொண்டார்.

"சரி, ஒண்ணே போதும். அடுத்த படம் திங்கட்கெழம வரும். அதுல கிணறு இருக்கு, வாளி தேடி வச்சுக்கோங்க."