பெருக்காத மூலை

எங்க பக்கத்துல பொனோலோ முற்றத்தைப் பார்த்துத்தான், அடுத்த வீட்டுக்காரி நான் உள்பட எல்லாரும் விளக்குமாறைத் தேடுவோம். காலையில மணலைக் கோடு கோடாப் பெருக்கி முடிச்சா ஒரு இலை கிடக்காது. பிள்ளைங்க தலைநகரத்துல, புருஷன் மொடிசே வைரச் சுரங்கத்துல, மாசக் கடைசியிலதான் வருவான். பாவம், பேசக்கூட ஆளில்லை.

மகள் லெசேகோ ஒரு பொமரேனியன் நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போனா. பேரு கோசி. எங்க பேச்சுல கோசின்னா ஊர்த்தலைவர். ஆள் பூசணிக்காய் அளவு, பிடிவாதம் மட்டும் மலையளவு! வெளியே விட்டா மணலை மோந்து மோந்து சுத்தும், ரெண்டு சொட்டு விட்டாலே அதிசயம். உள்ளே வந்ததும் கம்பளத்தை நனைச்சிடும். அரைமணிக்கொரு தரம் பொனோலோ அதைத் தூக்கிட்டு ஓடுவா. அடுப்புல கூழ் கருகும். "இங்கே போயேன்டா, என் ராசா!"ன்னு கெஞ்சுவா.

மொடிசே வந்தான், மோந்தான், கத்தினான். "அடுத்த மாசமும் வீட்டை நனைச்சுதுன்னா மாட்டுப்பட்டியில கொண்டுபோய் விட்டுடுவேன்." பட்டியைச் சுத்தி நரி. இந்தக் குட்டி ரெண்டு நாள் தாங்காது. பொனோலோவுக்குச் சோறே இறங்கலை.

அப்புறம் அவளுக்கு மூணு நாள் காய்ச்சல். விளக்குமாறைத் தொடலை. மூணாம் நாள் கோசி தானா முற்றத்து மருலா மரத்தடி மூலைக்குப் போய், முந்தின நாள் நனைச்ச அதே இடத்துல காலைத் தூக்குச்சு.

"நான்தான் கெடுத்திருக்கேன்டி. அது வச்ச வாசனையைத் தினமும் நானே பெருக்கித் தள்ளியிருக்கேன்!"ன்னு பொனோலோ எங்கிட்ட சொன்னா.

அன்னையிலிருந்து அந்த மூலையில விளக்குமாறு படலை. வீட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்லை. ஆனா மூலையில சருகு குவிஞ்சுது.

"தலைவருக்கு அரண்மனையா?"ன்னு வேலியோரம் நின்னு கேட்டேன்.

"வாயை மூடிட்டு உன் வேலையைப் பாரு."

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, கறி வாங்க அவ கடைக்குப் போயிருந்தா. புருஷன் வர்ற நாள்ல முற்றம் இப்படியான்னு எனக்குக் கை பரபரத்துச்சு. ஒரு நாள் பெருக்கினா என்ன ஆயிடப்போகுதுன்னு, உதவின்னு நினைச்சுத்தான் போனேன். பொய் எதுக்கு, அந்தக் குப்பை என் கண்ணையும் உறுத்துச்சு. வழிச்சுப் பெருக்கி, அழகாக் கோடும் போட்டுட்டு வந்தேன்.

மொடிசே வந்து பூட்ஸைக் கழட்டி வச்சான். கோசி மூலைக்கு ஓடுச்சு. மோந்துச்சு, சுத்துச்சு, முனகுச்சு. திரும்பி உள்ளே ஓடி, நேரா அவன் பூட்ஸுக்குள்ளயே.

அவன் குட்டியைப் பிடரியைப் பிடிச்சுத் தூக்கி வண்டியில போட்டான். வேலியோரம் பார்த்துட்டிருந்த நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னாடி நின்னேன். "தம்பி, தப்பு என்மேல. அந்த மூலையை நான்தான் பெருக்கினேன். எங்கிட்ட குடுத்துடு."

"எடுத்துட்டுப் போ. அது இனி என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

கறிப்பையோட அப்பத்தான் திரும்பி வந்த பொனோலோ என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

இப்போ கோசி என் வீட்டுல. என் முற்றத்திலும் ஒரு மூலை சருகாக் கிடக்கு, ஊரே சிரிக்குது. பொனோலோ தினமும் காலையில வருவா, குட்டியைத் தூக்கி அந்த மூலையில விடுவா, முடிஞ்சதும் கொஞ்சுவா, போயிடுவா. எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது.

அவ முற்றத்துல அந்த மரத்தடியை இன்னும் பெருக்கலை.