பம்பருக்குக் கீழே ஒரு குழாய்

எங்கள் பட்டறை மெக்கானிக்குக்கு 'விசில்' என்று பெயர். சந்தோஷத்துக்கு விசிலடிக்கிற ஆள் இல்லை அவர், பயம் வந்தால்தான் அடிப்பார். ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் படுக்கும்போது அடிப்பார், கரண்ட் வயரைத் தொடும்போது அடிப்பார். பக்கத்துக் கொட்டகையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற எனக்கு, சத்தத்தை வைத்தே பயத்தின் அளவு தெரிந்துவிடும்.

அவர் அதிகம் பயப்படுவது தங்கை புருஷனுக்கு. அந்த மனிதர் அடித்ததும் இல்லை, திட்டியதும் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். அந்த மூஞ்சியோடு வீட்டில் தங்கைதானே மாரடிக்க வேண்டும் என்று இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பூம்பூம் மாடு தோற்றது போங்கள்.

போன மாதம் மாப்பிள்ளை தன் சிவப்புக் காரோடு வந்தார்.

"மச்சான், இந்த ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழட்டிடுங்க. நீளமா ஒரு குழாய் போட்டு, ஃபில்டரைக் கீழ பம்பர் பின்னாடி வெச்சிடுங்க. எஞ்சினுக்குக் குளிர்ந்த காத்து ஏறும், சத்தமும் சும்மா கும்முனு இருக்கும்."

"மழை வரப்போவுதே மாப்பிள்ளை. அவ்வளவு கீழ வெச்சா தண்ணியை..."

மூஞ்சி தூக்கிக்கொண்டது. விசிலடித்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தார். தங்கை கைக்குழந்தையோடு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மாப்பிள்ளை எங்கள் கொட்டகையில் ஒதுங்கியிருந்தார். குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்த தங்கை அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, தெருக்கோடிப் பாலத்துக்கு அடியில தண்ணி நிக்குது. முன்னாடி வண்டியெல்லாம் போயிடுச்சு. நானும் மெதுவா வந்துடறேன்."

"வராத, திரும்பு" என்று அவர் சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டால் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

மற்ற வண்டிகளுக்குக் காற்று இழுக்கிற மூக்கு உயரத்தில் இருக்கிறது. இவர் மாட்டிய குழாயின் வாய் முழங்காலுக்கும் கீழே. உள்ளே போவது தண்ணீர் என்று எஞ்சினுக்குத் தெரியாது, காற்றைப் போலவே இழுத்துவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே இரும்புத் தண்டு வளைந்து, வண்டி நடுத்தண்ணீரில் செத்துவிடும். வண்டி போனால் போகட்டும். உள்ளே ஒரு தாயும் பிள்ளையும்.

மூவரும் ஓடினோம். விசில் உதட்டைக் குவித்தார், வெறும் காற்றுதான் வந்தது.

பாலத்தடியில் அதற்குள் தண்ணீர் ஏறி, சிவப்புக் கார் ஜன்னல் வரை மூழ்கி நின்றது. உள்ளே யாரும் தெரியவில்லை. விசில் சட்டையைக்கூடக் கழட்டாமல் தண்ணீரில் இறங்கினார். கதவை இழுத்தார், அசையவில்லை. திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கைவிட்டுத் துழாவினார். பால்புட்டிதான் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"அண்ணா, இங்க இருக்கோம்."

பாலத்தின் பக்கவாட்டுப் படியில், குழந்தையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு தங்கை நின்றிருந்தாள்.

"வண்டி நின்னதும் மறுபடி சாவியைத் திருகத்தான் கை போச்சு. அந்தக் குழாயை மாட்டும்போது நீ விசிலடிச்சது ஞாபகம் வந்துச்சு. நீ பயந்த வண்டியில நான் எப்படி உக்காருறது? ஜன்னலை இறக்கி, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டேன்."

மாப்பிள்ளை குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதன் தலையைத் துவட்டிவிட்டார். பிறகு பழைய ஆள் திரும்பி வந்தார்.

"இவ்வளவு தண்ணியில எந்த வண்டியும்தான் நிக்கும் மச்சான். எஞ்சினைச் சரிபண்ணிட்டு அந்தக் குழாயைத் திரும்ப மாட்டிடுங்க."

"மாட்ட மாட்டேன் மாப்பிள்ளை."

விசிலுக்குப் பல் தந்தியடித்தது. மாப்பிள்ளையின் மூஞ்சி மெல்ல மேலே ஏறியது. விசில் பயந்துபோய்த் தங்கையைப் பார்த்தார்.

"இந்த மூஞ்சியை நான் பாத்துக்கறேன்ணா" என்றாள் தங்கை. "நீ தண்ணிக்கு மட்டும் பயப்படு."