பரங்கிக்காய்க் கஞ்சி நிறத்தில் ஓர் அறை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தரையில் ஒட்டிக்கொண்ட டேப்பின் பசையைச் சுரண்டி எடுத்தது. இரண்டு மணி நேரம் ஆனது. தவறு என்னுடையது.

அம்மா பெயர் மா சுன்தொக். நான் அவள் மகள் இன்க்யொங். வயது அறுபத்தெட்டு. தென்கொரியாவின் இஞ்சோனில், மீன் பதப்படுத்தும் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் குடியிருப்பில் நான்காம் மாடியில் இருந்தாள். போன வருடம் ஜனவரியில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். பிப்ரவரியில் குடியிருப்பு வாசலில் பெரிய பதாகை கட்டினார்கள்: "வாழ்த்துகள்! நம் கட்டடங்கள் ஆபத்தானவை எனச் சான்று கிடைத்தது." இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அந்தச் சான்று வேண்டும். அரிசி கேக் வீடு வீடாக வந்தது. அடுத்தது வீட்டுக்காரர்களின் சம்மதக் கையெழுத்து. எங்கள் கட்டடத்துக்கு ஒன்று குறைந்தது.

அம்மா போடவில்லை. சின்ன அறைக்குப் பெயின்ட் அடிக்கப்போவதாகச் சொன்னாள்.

பெயின்ட் டின் படியேறுவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்தார் தாக். இரண்டாம் மாடிக்காரர், மறுகட்டுமானச் சங்கத் தலைவர்.

"இன்க்யொங் அம்மா, என்ன இது? இடிக்கப்போற வீட்டுக்குப் பவுடர் பூசுறீங்களா?"

"நீங்க தலைக்கு டை அடிக்கிறீங்களே தலைவரே, நான் ஏதாவது கேட்டேனா?"

"இந்தச் சுவரு இன்னும் மூணு வருஷம்கூட நிக்காதுங்க."

"எனக்கு டாக்டர் அவ்வளவுகூடச் சொல்லலை. நானும் சுவரும் சுத்தமா இருந்துட்டுப் போறோம்."

தாக் கெட்டவர் இல்லை. நடக்க முடியாத தன் தாயை முதுகில் சுமந்து மாடியேறுகிறவர். லிஃப்ட் வேண்டும் என்று அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் இடித்துக் கட்ட நான்கைந்து வருடம் ஆகும். அதுவரை எங்கோ வாடகை வீடு. அம்மா திரும்பி வரமாட்டாள். அது அவளுக்கும் தெரியும். என் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

"வேற யார் வீட்டுச் சுவத்தையும் பாத்துக்கிட்டுச் சாகமாட்டேன்" என்றாள்.

இந்த ஊரில் சுவருக்குப் பேப்பர்தான் ஒட்டுவார்கள். அதுவும் வெள்ளை. அம்மா தேர்ந்தெடுத்தது பரங்கிக்காய்க் கஞ்சி நிறம். பெயின்ட் அடித்த பழக்கம் அவளுக்கு இல்லை. நான் திரைக் கண்ணாடிகளுக்குப் பூச்சு போடும் தொழிற்சாலையில் பொறியாளர். தூசியே இல்லாத அறையில் பதினான்கு வருடம். மேற்பார்வை என்னுடையது என்று நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை.

பழைய பேப்பரை ஊறவைத்து உரித்துவிட்டோம். சுவரைத் துடைத்தாள். சுவிட்ச் மூடியைக் கழற்றி, திருகாணிகளை அதன் பின்னாலேயே ஒட்டி வைத்தாள். தரைக்குப் பிளாஸ்டிக் தாள், சுவரோரம் டேப். டேப்பின் விளிம்பை ஸ்பூனின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தாள். டின் வாயைச் சுற்றியிருக்கும் பள்ளத்தில் ஆணியால் ஐந்து துளை போட்டாள். பிரஷ்ஷை வழித்தால் பெயின்ட் வெளியே ஒழுகாமல் உள்ளேயே இறங்கியது.

"இதெல்லாம் யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"மீன் கழுவுற எடத்துல முப்பது வருஷம். ஈரம் எங்க போகணும்னு எனக்குத் தெரியாதா?"

அறையை விட்டு வெளியே வருவதானால் காலுறையைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மறந்தால் திட்டு. ரோலரை நான் டின்னில் முக்கியபோதும் திட்டு.

"கொஞ்சமா எடுடீ. சோத்துல மிளகாய் விழுது பிசையறியா?"

முதல் பூச்சு முடிந்ததும் ரோலரைப் பிளாஸ்டிக் பையில் இறுகச் சுற்றி, கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே இருக்கும் ஃப்ரிட்ஜில் வைத்தாள். மறுநாள் சனிக்கிழமை. ரோலர் காயவே இல்லை, அப்படியே எடுத்து அடித்தோம்.

"உன் ஃபேக்டரியில இது தெரியுமா?"

"தெரியாது."

"பதினாலு வருஷமா என்னதான் பண்றீங்க?"

இரண்டாம் பூச்சு முடிந்ததும் அவள் கூடத்தில் படுத்தாள். டேப்பை லேசான ஈரத்திலேயே உரிக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் எழுப்பு என்றாள். நான் எழுப்பவில்லை, தூங்கட்டும் என்று விட்டேன். மார்ச் குளிர். பெயின்ட் காயட்டும் என்று அந்த அறையின் சூட்டைக் கடைசி அளவுக்கு ஏற்றினேன். சூடு கூடினால் உலரும் நேரம் குறையும். ஆனால் எங்கள் வீடுகளில் சூடு தரைக்கு அடியிலிருந்து வருகிறது. டேப் ஒட்டியிருந்தது தரையில்.

அம்மா எழுந்து வந்து ஒரு முனையை இழுத்தாள். தாள் மட்டும் கிழிந்து வந்தது. பசை தரையோடு இருந்துவிட்டது.

"ஏண்டீ, சுவரு காயறதுக்குத் தரையை வறுத்திருக்க?"

"கணக்கு சரிதான்மா."

"உன் கணக்கு நீ நிக்கிற எடத்தைப் பாத்துச்சா?"

சமையலறைக்குப் போய் கைக்குக் கிடைத்த எண்ணெயை எடுத்து வந்தேன்.

"அதைத் தொட்ட, கையை ஒடிப்பேன். நல்லெண்ணெய்டீ அது! சோயா எண்ணெயை எடுத்துட்டு வா."

எதிரெதிர் மூலைகளிலிருந்து தொடங்கினோம். எண்ணெய் தடவி ஊறவிட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, பாத்திரச் சோப்பால் துடைத்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. போய்ப் படும்மா என்றேன்.

"போடி, நீயும் உன் படுக்கையும். நான் இருக்கிற அறை. பிசுபிசுன்னு விட்டுட்டுப் போவேனா?"

அன்றிலிருந்து அங்கேயே படுத்தாள். பதினொரு நாள் கழித்து, பகல் இரண்டு மணிக்கு, அங்கேயே இறந்தாள். ரத்தக்கட்டி என்றார்கள்.

சவப்பெட்டியின் ஒரு முனையைத் தாக் பிடித்தார். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த பிறகு படிவத்தோடு வந்தார். அறை வாசலில் நின்று சுவரும் தரையும் சேருமிடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு சொட்டுகூடச் சிந்தலையே."

"இல்லை மாமா."

"வீடு இப்ப உன் பேர்ல. ஒரு கையெழுத்தும்மா. மேல கீழ தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு."

"உங்க அம்மாவைத் தூக்க நானும் வர்றேன். இங்கதான் இருக்கப்போறேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

"அவங்கதான் போயிட்டாங்களே. இன்னும் யாருக்காகம்மா இந்தப் பிடிவாதம்?"

"வேலை முடியலை மாமா. கதவு பாக்கி."

அவர் போன பிறகு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டை மறுபடி படித்தேன். அம்மா கையெழுத்து. "கதவுக்கு அரை லிட்டர். அதே நம்பர். வியாழக்கிழமை கடைக்குப் போகணும்." அவள் இறந்தது புதன்.