தேவசகாயம் வாத்தியாரின் வயிற்றுப் பாடம்

வயிற்றுப் பாடம் வந்துவிட்டால் தேவசகாயம் வாத்தியார் புத்தகத்தைவிட்டுத் தலை தூக்கமாட்டார். மற்ற பாடங்களுக்குக் கதை சொல்வார், ஆடிப்பாடிக் காட்டுவார். இதை மட்டும் வரி பிசகாமல் வாசித்துவிட்டு மூடிவிடுவார். ஆம்பூரில் அவரிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் இதைப் பார்த்தவர்கள்தான்.

யுத்தம் முடிந்த சமயம், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் அப்படி இல்லை. தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று யோசித்து வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போவார்.

"வாயில மென்ன சோறு எச்சிலோட குழைஞ்சு உணவுக்குழாய் வழியா இரைப்பைக்கு இறங்குது. அங்க ஒரு புளிச்ச ரசம் ஊறும். உங்கப்பா ஆவாரம்பட்டை போட்டுத் தோல் ஊறவைக்கிற பட்டைத்தண்ணிக் குழி மாதிரின்னு வெச்சுக்கோங்க. இரைப்பை கடையக் கடைய சோறு கூழாய்டும். அந்தக் கூழோட சத்தைச் சிறுகுடல் ரத்தத்துல சேர்க்கும். மிச்சத்துல இருக்கிற தண்ணியைப் பெருங்குடல் எடுத்துக்கும்."

"குழில சாரம் கம்மியாய்ட்டா தோலு பச்சையாவே கெடக்கும் சார்," என்றாள் சுந்தரி. "புதுத் தண்ணி ஊத்துவாங்க. வயித்துக்கும் அப்டிதானா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கோயேன்," என்று சிரித்தார். மணி அடித்துவிட்டது.

சுந்தரியின் அப்பா ஆதிகேசவனுக்குப் பல மாதமாகத் தின்றது செரிக்கவில்லை. மறுநாள் அவள் ஷாப்புக்குழியிலிருந்து ஒரு சொம்பு பட்டைத்தண்ணி மொண்டுவந்தாள்.

"இன்னாடி இது கருமம்?" என்றாள் அம்மா எல்லம்மா.

"அப்பா வயித்துல சாரம் கம்மியாய்ட்டுதும்மா."

"இஸ்கூலுக்குப் போற பொண்ணு. உனக்கும் எனக்கும் இன்னா தெரியும்? குடு இப்டி," என்று ஆதிகேசவன் வாங்கிக் குடித்தான்.

வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே நைந்த உடம்பு. அந்த வாரம் தாண்டவில்லை.

சாவு வீட்டில் எல்லம்மா மகளின் மயிரைப் பிடித்து உலுக்கினாள். "யார்டி உனக்குச் சொன்னது?"

சுந்தரி நிமிர்ந்தாள். வாசலில் வாத்தியார் நின்றிருந்தார். "யாரும் சொல்லலை. நானாதான் நெனச்சேன்," என்றாள்.

அவர் அப்படியே திரும்பித் தெருவில் இறங்கி நடந்தார். பட்டைத்தண்ணி தோலை அழுகவிடாமல் காக்கும். இரைப்பை ரசம் உணவைச் சிதைத்துக் கரைக்கும். ஒன்றுக்கொன்று நேர் எதிர். அது அவருக்குத் தெரியாததல்ல. பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியட்டும் என்று சொல்லிவிட்டார். புரிந்தும்விட்டது.

சுந்தரி பள்ளிக்கூடத்தைவிட்டு நின்று, தோலில் மயிர் வழிக்கும் வேலைக்குப் போனாள். அப்பனைக் கொன்றவள் என்ற பேர் நிலைத்துவிட்டது. பெண் கேட்டு யாரும் வரவில்லை. வழியில் பார்த்தால், "கும்புடறேன் சார்" என்பாள். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் நடையை எட்டிப் போடுவார்.

எல்லம்மாவிடம் போய், 'பழி உன் பொண்ணு மேல இல்ல, நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு' என்று சொல்ல வேண்டும் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஜெபம் முடிந்து கிளம்பியிருக்கிறார். தெருமுனை வரைக்கும்தான் கால் போகும். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டார்.

எல்லம்மா இன்றைக்கும் மகள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.