முதல் வரிசையில் ஒரு கை

விலேம் குபீச்செக்கைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. செக் நாட்டின் மொராவியாவில் எங்களைப் போன்ற சின்ன ஊர்களில் ஒரு ஆலை இருந்தால் ஊரே அதற்குள்தான் அடங்கும். எங்களுடையது கடுகுச் சாந்தும் வெள்ளரி ஊறுகாயும் போடுகிற ஆலை. விலேம் வினிகர் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டார். அவர் மனைவி மிலாடா ஜாடி நிரப்பும் கூடத்தில் இருந்தார். ஆனால் ஊருக்கு விலேமைத் தெரிந்தது வினிகரால் அல்ல, அவருடைய வலது கையால்.

பழைய ஆட்சியில் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. கட்சிக் கூட்டம், சங்கக் கூட்டம், உற்பத்தி இலக்குக்கு ஒரு கூட்டம், அந்த இலக்கை எட்டாததற்கு இன்னொரு கூட்டம். பம்புகளின் இரைச்சலில் விலேமுக்கு ஒரு காது மந்தம். அதனால் எப்போதும் முதல் வரிசையில் உட்காருவார். "ஆதரிப்பவர்கள்?" என்று மேடையில் கேட்டதும் அவர் கை எழும். பின்னால் இருந்தவர்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டும் கால்பந்துக் கதை பேசிக்கொண்டும் இருப்பார்கள். அந்தக் கையைப் பார்த்ததும் தங்கள் கையையும் தூக்கிவிடுவார்கள். "எதிர்ப்பவர்கள், யாருமில்லை, நடுநிலை, யாருமில்லை, ஒருமனதாக நிறைவேறியது" என்று தலைவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே மூச்சில் வாசித்து முடிப்பார். அதற்குப் பிறகு உணவுக்கூடத்தில் குலாஷ் கறியும் மாவு உருண்டையும். விலேமுக்கு எந்தக் கொள்கையின் மீதும் காதலோ கோபமோ கிடையாது. கை சீக்கிரம் எழுந்தால் கறி சூடாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

பிறகு ஆட்சி மாறியது. நாட்டின் ஆலைகளை எல்லாம் ஜனங்களுக்கே பங்கு பிரித்துத் தருவதாகச் சொல்லி, அரசாங்கம் ஆளுக்கொரு கூப்பன் புத்தகத்தைக் கையில் கொடுத்தது. அந்தக் கூப்பனைக் கொடுத்து விரும்பிய ஆலையில் பங்கு வாங்கிக்கொள்ளலாம். பாதி நாடு தொலைக்காட்சி விளம்பரத்தில் பல்லைக் காட்டிய முதலீட்டுக் கம்பெனிக்காரர்களிடம் அதைக் கொண்டுபோய்க் கொட்டியது. விலேமும் கொட்டத்தான் இருந்தார். மிலாடா விடவில்லை.

"அந்த ஆள் யாரு, எவருன்னே தெரியாது. நம்ம ஊறுகாயையாவது நமக்குத் தெரியும். எல்லாரும் நம்ம ஆலையிலயே போடுவோம்."

ஜாடிக் கூடத்துப் பெண்கள் போட்டார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். இப்படியாக விலேம் குபீச்செக் ஐம்பத்தைந்து வயதில் முதலாளி ஆனார். அடுத்த நாளும் வழக்கம்போல ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தொட்டி கழுவப் போனார்.

மூன்றில் ஒரு பங்கு, பழைய காலத்திலிருந்தே இயக்குநராக இருந்த இன்ஜினியர் டுஷெக்கிடமும் அவருடைய கூட்டாளிகளிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. கண்காணிப்புக் குழு என்று ஒன்று இருந்தது. அது காபி குடித்தது.

பங்குதாரர்களின் முதல் ஆண்டுக் கூட்டம் அதே உணவுக்கூடத்தில், அதே நாற்காலிகளில் நடந்தது. கைக்குப் பதிலாக அவரவர் பங்கு எழுதிய மஞ்சள் அட்டையைத் தூக்க வேண்டும், அது ஒன்றுதான் புதிது. ஏழாவது தீர்மானம் வாசிக்கும்போது சமையலறையிலிருந்து குலாஷ் வாசனை வந்துவிட்டது. விலேமின் அட்டை எழுந்தது. கூடமே அட்டையைத் தூக்கியது.

என்ன தீர்மானம் என்பது ஜூலையில்தான் தெரிந்தது. பெஸ்கிதி மலையில் ஆலைக்குச் சொந்தமாக ஒரு விடுமுறை வீடு உண்டு. இருபது வருஷமாகக் கோடைக்குக் கோடை எல்லோரும் முறை வைத்துப் போய்வருகிற வீடு. விலேமும் மிலாடாவும் பெட்டியோடு போய் இறங்கினார்கள். வாசலில் புதுப் பூட்டு தொங்கியது. பூட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய நாய் நின்றது. வீட்டை வாங்கியிருந்தவர் டுஷெக்கின் மைத்துனர்.

"வீட்டை வித்துட்டாங்களே, பாவிங்க!" என்றார் விலேம்.

"யாரு வித்தா? நீதான்யா வித்தே."

"நான் எங்க வித்தேன்?"

"முதல்ல அட்டையைத் தூக்கினது யாரு? உன்னைப் பார்த்துத்தானே எல்லாரும் தூக்கினோம்!"

பெட்டியோடு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார்கள். ஊருக்குள் பேச்சு பரவியது. "விலேம், இன்னைக்கு எதையாவது வித்தியாடா?" என்று பார்த்தவர்கள் எல்லாம் கிண்டல் செய்தார்கள். மிலாடாவோ உருளைக்கிழங்கு உரிக்கும்போதுகூட அந்த வீட்டை நினைவுபடுத்தாமல் விடவில்லை. ஒரு வருஷம் விலேம் அதைச் சுமந்தார். தங்கள் இரண்டு பேர் விடுமுறை மட்டும் என்றால் பரவாயில்லை. ஒரு ஊரின் கோடையையே தன் கை விற்றுவிட்டதே என்று உண்மையாகவே நொந்துபோனார்.

அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பு வந்தபோது மிலாடா அதை வரிவரியாகப் படித்தார். ஜாடிக் கூடத்தையும் இயந்திரங்களையும் "சிறந்த நிர்வாகத்துக்காக" ஒரு புதிய கம்பெனிக்கு மாற்றுவதாக ஒரு தீர்மானம். அதன் பிறகு ஆலை தன் கூடத்துக்கே அந்தக் கம்பெனிக்கு வாடகை கொடுக்க வேண்டுமாம். அந்த வருஷங்களில் எங்கள் நாட்டில் இதற்குப் பேரே வந்துவிட்டது, சுரங்கம் தோண்டுவது என்பார்கள். வெளியே பலகை தொங்கும், உள்ளே எல்லாம் காலியாகியிருக்கும். பக்கத்து ஊர் மரப்பட்டறை அப்படித்தான் போயிருந்தது. இந்தத் தீர்மானம் நிறைவேறினால் கடுகு ஆலைக்கு மிஞ்சுவது வினிகர் நாற்றம்தான்.

"கூட்டத்துல அட்டையை உக்காந்த இடத்துக்கு அடியில வச்சுக்கோ. கை தானா எழுந்துடும், உனக்கே தெரியாது," என்றார் மிலாடா.

விலேம் கடைசி வரிசையில் போய் உட்காரலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கூடம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் அவருடைய நாற்காலியை மட்டும் யாரும் தொடாமல் விட்டிருந்தார்கள். மிலாடா ஜாடிக் கூடத்துப் பெண்களோடு பின்னால் போய்விட்டார்.

டுஷெக் தீர்மானத்தை வாசித்தார். "ஆதரிப்பவர்கள்?"

விலேமின் தோள் துடித்தது. அட்டையைத் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டார். பக்கவாட்டில் டுஷெக்கின் ஆட்கள் மட்டும் தூக்கினார்கள். பின்னால் நாற்காலிகள் கிரீச்சிட்டன. குலாஷ் வாசனை வேறு கொன்றது.

"என்ன விலேம், தூங்கிட்டீங்களா?" என்று டுஷெக் சிரித்தார். சிலர் கூடச் சிரித்தார்கள்.

"இல்ல இன்ஜினியர் சார், முழிச்சிட்டுத்தான் இருக்கேன்."

டுஷெக் தாளுக்குத் திரும்பினார். நாக்குக்குப் பழகிய பாதை. "எதிர்ப்பவர்கள், யாருமில்லை, நடுநிலை, யாருமில்லை..."

விலேமின் அட்டை மேலே இருந்தது. அவர் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு அது எழுந்தது அதுவே முதல் தடவை. மேடையில் இருந்தவர் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, பாவம். எதிர்க்க யாராவது இருந்ததாக முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட ஆனதில்லையே. "...நிறைவேறியது. அடுத்து..."

விலேம் எழுந்து நின்றார்.

"சார், கொஞ்சம் நிமிந்து பாருங்க."

டுஷெக் நிமிர்ந்தார். விலேமை அல்ல, அவருக்குப் பின்னால் பார்த்தார். டுஷெக்கின் முகம் வெளுத்தது. அத்தனை வருஷமும் முதல் வரிசையில் உட்கார்ந்தவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. இப்போது திரும்பினார். கூடம் முழுக்க மஞ்சள் அட்டைகள். ஜாடிக் கூடத்துப் பெண்கள் நாற்காலி மேலேயே ஏறி நின்றுகொண்டிருந்தார்கள்.

எண்ணி முடிக்க நேரம் பிடித்தது. தீர்மானம் தோற்றது. டுஷெக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடுத்த தீர்மானத்தை ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாக வாசித்தார்.

அன்று குலாஷ் ஆறிப்போய்த்தான் கிடைத்தது. விலேமுக்கு அது உறைக்கவே இல்லை. தட்டோடு மிலாடாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் பெருமை வழிந்தது.

"பார்த்தியா? என் கையைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் தூக்கினாங்க."

"உன் கையா? நீ தூக்குறதுக்கு முன்னாடியே நாங்க தூக்கிட்டோம்யா. நீதான் கடைசி."

விலேம் மாவு உருண்டையைக் கரண்டியோடு அப்படியே நிறுத்தினார்.

"அப்ப போன வருஷம்?"

மிலாடா தட்டைப் பார்த்தார். ரொட்டித் துண்டால் குழம்பைத் துடைத்தார்.

"போன வருஷமும் நானேதான் தூக்கினேன். பசி. உன்னைப் பார்க்கக்கூட இல்ல."

"ஒரு வருஷமா என்னைத் திட்டினியே!"

"வேற யாரைப் போய்த் திட்டுறது?" என்றார் மிலாடா. தன் தட்டிலிருந்த பெரிய கறித்துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.